கத்திரி வெயிலில் எங்கே போகலாம்?

கத்திரி பிறந்துவிட்டால் சென்னைவாசிகளுக்குப் பகல் வேளையில் போக்கிடம் இரண்டுதான்: ஒன்று சினிமாக் கொட்டகை, மற்றொன்று குளுகுளு வசதி செய்த ஜவுளிக்கடை. முன்னதில் தலைவலி; பின்னதில் பணப் பைக்கு ஆபத்து!

இந்த வாரம் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய் வாருங்களேன். 1851-ல் தொடங்கிய இடம். வெள்ளிக்கிழமை விடுமுறை, மறந்துபோய்க் கிளம்பிவிடாதீர்கள்.

குழந்தைகள் திமிங்கில எலும்புக்கூட்டைத் தேடி ஓடுவார்கள். பார்த்து முடித்ததும் செப்புத் திருமேனிகள் இருக்கும் கூடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். திருவாலங்காட்டு நடராஜர் அங்கேதான் ஆடுகிறார். திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரருக்கோ வலப்புறம் இரண்டு கை, இடப்புறம் ஒன்றே ஒன்று. ஆனாலும் குறையென்று தோன்றுகிறதா, பாருங்கள்!

மெழுகில் உருச் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகத்தை ஊற்றுவார்கள். பிறகு அச்சை உடைத்தாக வேண்டும். ஆகவே ஓர் அச்சுக்கு ஒரு மூர்த்திதான்.

பீடங்களில் துளைகளும் வளையங்களும் தெரியும். திருவிழாவில் கழி செருகித் தோளில் சுமந்து வீதிவலம் வந்ததன் அடையாளம் அது. இவற்றில் பல, மண்ணில் புதையுண்டு கிடந்து, புதையலாக வெளிப்பட்டு இங்கே வந்தவை. "பூவும் பட்டும் இல்லாமல் ஸ்வாமி நிற்கிறாரே!" என்று பாட்டி கண் கலங்கினால் சிரிக்காதீர்கள். அது நியாயமான வருத்தம். ஆனால், பட்டும் பூவும் மறைத்த இடையின் வளைவையும் விரல்களின் நளினத்தையும் ஸ்தபதி நினைத்தபடியே இங்கேதான் காண முடிகிறது.

வெயில் தாழ்ந்ததும் பக்கத்திலேயே கன்னிமாரா நூலகம் இருக்கிறது. 1896-ல் திறந்தது. அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, கடற்காற்று வீசத் தொடங்கியதும் வீடு திரும்பலாம்.