எஞ்சின் பட்டறையில் பிறந்த நீர்மூழ்கி

டில்லியிலிருந்து அந்தமானுக்குச் சுற்றுலா சென்று திரும்பும் நம் தமிழ் அன்பர்கள் செல்லுலர் சிறையைப் பற்றிப் பேசாமல் இருப்பதில்லை. அதே தீவுகள் 1942 மார்ச் முதல் 1945 அக்டோபர் வரை ஜப்பானியர் வசம் இருந்ததும், கடைசி மாதங்களில் அங்கே மக்கள் சோற்றுக்குப் பட்ட பாடும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

ஒரு தீவைப் பிடித்துவிடலாம். அங்கே இருப்பவர்களுக்கு நாள் தவறாமல் அரிசி அனுப்புவதுதான் கடினம். ரயில்வேயில் காலம் கழித்த என் போன்றோருக்கு இது எளிதில் விளங்கும்.

ஜப்பானியர் இந்தப் பாடத்தை 1942-43ல் குவாடல்கனாலில் கற்றார்கள். விமானத் தாக்குதலால் சரக்குக் கப்பல்கள் அந்தத் தீவை நெருங்க முடியவில்லை. பசியாலும் நோயாலும் ஆயிரக்கணக்கான வீரர்கள் மாண்டார்கள். 'பட்டினித் தீவு' என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். கடற்படை தன் நீர்மூழ்கிகளில் உணவு அனுப்பியும் போதவில்லை. கடற்படையோடு ஒத்துப்போகாத தரைப்படை, சொந்தமாகவே சரக்கு நீர்மூழ்கிகளைக் கட்டத் துணிந்தது!

கப்பல் கட்டும் தளங்களில் கடற்படை வேலையே நிறைந்திருந்தது. எனவே 1943ல் அந்தப் பணி ஹிட்டாச்சியின் கசாடோ ரயில் எஞ்சின் தொழிற்சாலைக்குப் போயிற்று. இன்று ஷிங்கான்சென் ரயில்கள் தயாராகும் அதே இடம்தான்.

பாய்லர் செய்தவர்களுக்கு இது கைவந்த வேலைதானே என்று தோன்றும். ஆனால் பாய்லரில் அழுத்தம் உள்ளிருந்து தள்ளுகிறது. அது தகட்டை உருண்டையாக வைத்திருக்க உதவும். நீர்மூழ்கியிலோ வெளியிலிருந்து நசுக்குகிறது. வட்டம் சற்றுப் பிசகினாலும் தகடு மடங்கிவிடும். நம் டபிள்யூ.பி. எஞ்சின் பாய்லர் சதுர சென்டிமீட்டருக்கு 14 கிலோவுக்கு மேல் தாங்கியது. கடலில் 100 மீட்டர் ஆழத்தில் இருப்பது சுமார் 10 கிலோதான். ஆயினும் கணக்கே வேறு.

'யு' வகை எனப்பட்ட இவை முப்பதுக்கும் மேல் கட்டப்பட்டன. டார்ப்பிடோ கிடையாது, ஒரு சிறு பீரங்கி மட்டும். ஏற்றிய சரக்கு சுமார் 40 டன். நம் பாக்ஸ் வேகன் ஒன்றே 55 டன் சுமக்கும்! ஆளுக்குத் தினம் அரைக் கிலோ அரிசி என்றால், 40 டன் பத்தாயிரம் பேருக்கு எட்டே நாளைக்கு வரும். யு-2 நீர்மூழ்கியை 1944 நவம்பரில் பிலிப்பைன்ஸின் ஆர்மாக் விரிகுடா அருகே அமெரிக்கக் கப்பல்கள் மூழ்கடித்தன.

வழி அடைபட்ட தீவில் முதலில் பறிபோவது எளியவனின் தட்டுதான். 1945 ஆகஸ்டில், உணவு அருகிய அந்தமானில், பயிர் செய்யலாம் என்று சொல்லி நூற்றுக்கணக்கானோரைக் கப்பலில் ஏற்றி, இன்று ஸ்வராஜ் தீவு எனப்படும் ஹேவ்லாக் அருகே கடலில் இறக்கிவிட்டார்கள். பலர் மூழ்கினர், கரையேறியவர்களிலும் பெரும்பாலோர் பசியால் மடிந்தனர்.

அந்தக் கடற்கரையில் நிற்கும் வாய்ப்புக் கிடைத்தால், அன்பர்களே, ஒரு நிமிடம் அவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.