மன்னிக்க வேண்டியவர் யார்?

சேரப்பணஞ்சேரி, ஒரகடம் பகுதிகளில் ஷிப்டு பஸ்ஸுக்காகக் காத்து நிற்கும் இளைஞர்கள் பலர் 1991 மே 21க்குப் பிறகு பிறந்தவர்கள். பக்கத்து ஊரான ஸ்ரீபெரும்புதூரில் அன்றிரவு குண்டு வெடித்து ராஜீவ் காந்தி இறந்தார். காவலர்களும் கட்சித் தொண்டர்களுமாகப் பத்துக்கும் மேற்பட்டோர் அவரோடு மாண்டனர். அந்த வழக்கின் கைதிகளை விடலாமா கூடாதா என்ற வாக்குவாதத்தில், அன்று பிறந்தே இராதவர்களும் பல ஆண்டுகள் கொதித்திருக்கிறார்கள். நேரில் அடிபடாதவரிடம் கோபம் ஏன் இத்தனை நாள் நிற்கிறது?

இந்த வழக்கே அதற்கு நல்ல சான்று. அதில் தண்டனை பெற்ற நளினியைத் தூக்கிலிட வேண்டாம் என்று ராஜீவின் மனைவி சோனியா காந்தி கேட்டுக்கொண்டார். 2000இல் நளினியின் தண்டனை ஆயுள் சிறையாகக் குறைந்தது. 2008இல் ராஜீவின் மகள் பிரியங்கா வேலூர் சிறைக்கே போய் நளினியைச் சந்தித்தார். தானும் தங்கையும் முழுமையாக மன்னித்துவிட்டதாக மகன் ராகுல் 2018இல் சொன்னார். ஆனால் 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் எஞ்சிய ஆறு பேரையும் விடுவித்தபோது காங்கிரஸ் கட்சி அதை ஏற்கவில்லை. சோனியாவின் கருத்தோடு கட்சி உடன்படவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னது.

இதற்கு ஓர் உளவியல் விளக்கம் உண்டு. அமெரிக்காவில் ஜெஃப்ரி கிரீனும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வின்படி, காயப்பட்டவரைவிட அவருக்கு வேண்டியவர்களே மன்னிக்கத் தயங்குகிறார்கள். காயப்பட்டவருக்கும் தவறு செய்தவருக்கும் இடையே ஏதோ ஒரு உறவு இருக்கிறது. அதைக் காப்பாற்ற அவர் மனம் இடம் தேடுகிறது. பக்கத்தில் நிற்பவருக்கு அந்தத் தேவை இல்லை. ஆய்வு பேசியது நெருங்கிய மனிதர்களுக்கிடையே நடக்கும் துரோகங்களைப் பற்றித்தான். ஆனாலும் கட்சி, இனம், நாடு என்று வரும்போது இது இன்னும் இறுகும் என்றே நினைக்கிறேன். மன்னிப்பது தன் கூட்டத்துக்குச் செய்யும் துரோகம் என்ற அச்சமும் அங்கே சேர்ந்துகொள்கிறது.

சரி, எதிர்த்தரப்பு வருத்தம் தெரிவித்தால்? 2006இல், அந்தக் கொலையை நடத்திய விடுதலைப் புலிகள் இயக்கத்தின் அன்டன் பாலசிங்கம், ராஜீவ் கொலை பெரும் வரலாற்றுத் துயரம், அதற்காக வருந்துகிறோம் என்று தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னார். பழையதை மறக்கும்படி இந்தியாவைக் கேட்டார். இந்திய அரசு மறுத்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் பில்பாட், ஹார்ன்சி இருவரும் நடத்திய சோதனைகளிலும் இதுதான் தெரிந்தது: ஒரு குழு வருத்தம் தெரிவித்தால் அது வருந்துகிறது என்று கேட்பவர்கள் நம்புகிறார்கள், அதற்காக மன்னித்துவிடுவதில்லை.

இன்னொரு முடிச்சும் உண்டு. இரு பக்கமும் 'நாங்கள்தான் அதிகம் இழந்தோம்' என்று கணக்குப் பார்ப்பது. வட அயர்லாந்தில் மாசி நூர் இதை ஆராய்ந்திருக்கிறார். இந்தக் கணக்கு எவ்வளவு வலுக்கிறதோ, மன்னிப்பு அவ்வளவு தள்ளிப்போகிறது. நம் கதையிலும் அதுவே. இந்தியர்கள் 1991ஐச் சொல்வார்கள். ஈழத்தமிழர்கள் 1987 அக்டோபரைச் சொல்வார்கள்: யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் இந்திய அமைதிப்படை சுட்டதில் மருத்துவர்கள், தாதியர், நோயாளிகள் என அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். புலிகளுடன் நடந்த சண்டைக்கு நடுவே நேர்ந்தது என்றது இந்தியத் தரப்பு. அமைதிப்படையும் இலங்கையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களை இழந்தது. ஒரு சாவைச் சொன்னால் மறுபக்கம் வேறொரு சாவைப் பதிலாக வைக்கிறது. யாருடைய துக்கமும் கேட்கப்படுவதில்லை.

இஸ்ரேலிய உளவியலாளர்கள் ஆர்யே நாட்லரும் நூரித் ஷ்னாபெலும் சொல்லும் வழி எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அடிபட்டவர் இழந்தது தன் வலுவை. தன் வாழ்க்கை தன் கையில் இருக்கிறது என்ற உணர்வை. அடித்தவர் இழந்தது நல்லவர் என்ற பெயரை. முதலாமவருக்கு மதிப்பையும், இரண்டாமவருக்கு 'உன்னையும் மனிதனாக ஏற்கிறோம்' என்ற சொல்லையும் கொடுத்தால்தான் இருவரும் நெருங்க முடியும். வேலூர்ச் சிறையில் நடந்த சந்திப்பு அந்த வகையைச் சேர்ந்தது. போவதா வேண்டாமா என்று தீர்மானித்தவர் தந்தையை இழந்த மகள். அவரை யாரும் அனுப்பவில்லை.

அன்று ஸ்ரீபெரும்புதூரில் இறந்த காவலர்கள், தொண்டர்களின் வீட்டாருக்கு அந்த மதிப்பு கிடைத்ததா? அவர்களில் சிலர் விடுதலையைக் கடைசிவரை எதிர்த்தார்கள். அவர்களைக் கல்நெஞ்சர் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. ராஜீவின் குடும்பம் மன்னித்ததால் அவர்களும் மன்னித்தாக வேண்டும் என்பது நியாயமில்லை. ஒருவர் இன்னொருவர் சார்பில் மன்னிக்க முடியாது.

அரசு செய்யக்கூடியது ஒன்று உண்டு. யாழ்ப்பாணம் மருத்துவமனையில் இறந்தவர்களுக்காக இந்தியா முறைப்படி வருத்தம் தெரிவிக்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் இறந்த ஒவ்வொருவரின் வீட்டுக்கும் அரசின் சார்பில் ஒருவர் நேரில் போய், அவர்கள் சொல்வதை முழுவதும் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். அந்தக் குடும்பங்களின் மூத்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே இது நடக்கட்டும்.