'எம்.பி.பி.எஸ். கிடைக்காவிட்டால்...' என்று தொடங்காதீர்கள்

நீட் முடிவு வந்த வாரத்தில் பல வீடுகளில் ஒரே பேச்சுதான். "இன்னொரு வருஷம் ரிப்பீட் பண்ணட்டும், பணத்தை நான் பார்த்துக்கறேன்" என்பார் அப்பா. "எதுக்கு வம்பு? பாராமெடிக்கல் ஏதாவது ஒண்ணுல சேர்த்து விடுங்க மாமா" என்பார் படித்த உறவினர். தேர்வு எழுதிய பெண் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு என்ன வேலை பிடிக்கும் என்று மட்டும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அப்பாவும் உறவினரும் எதிரெதிராகப் பேசுவதுபோலத் தெரிந்தாலும் இருவர் மனத்திலும் இருப்பது ஒரே ஏணிதான். மேல்படியில் டாக்டர், ஏறமுடியாதவர்களுக்குக் கீழ்ப்படியில் மற்ற எல்லாரும். இந்த எண்ணத்தோடு எடுக்கும் முடிவு எந்தப் பக்கம் போனாலும் பிள்ளையைப் பாதிக்கும். எம்.பி.பி.எஸ். கிடைத்தவர் பிடிக்காத வேலையில் மாட்டிக்கொள்வார். கிடைக்காதவர், தான் தோற்றுப்போய் இங்கே வந்ததாக நினைத்துக்கொண்டே நாற்பது வருடம் டூட்டி பார்ப்பார்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். 2024இல் நீட் எழுதியவர்கள் 23 லட்சத்துக்கும் மேல். அந்த ஆண்டு நாடு முழுவதும் எம்.பி.பி.எஸ். இடங்கள் ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டின. அவற்றில் ஏறக்குறைய பாதிதான் அரசுக் கல்லூரிகளில். தமிழ்நாட்டுக்குச் சில வாய்ப்புகள் கூடுதலாக உண்டு. 2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. 2020 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் இருக்கிறது. அந்த ஒதுக்கீட்டுக்கு வெளியே, கட்-ஆஃபுக்கு மிகவும் கீழே மதிப்பெண் வாங்கிய பிள்ளையை மூன்றாவது முறையாகக் கோச்சிங் சென்டரில் உட்கார வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒருமுறை ரிப்பீட் பண்ணுவதில் நியாயம் இருக்கிறது. முதல் முயற்சிக்கும் இரண்டாவதற்கும் இடையே மதிப்பெண் நன்றாக ஏறியிருந்தால் மட்டுமே மூன்றாவதைப் பற்றி யோசிக்கலாம். வெளிநாட்டில் படிக்க வைக்கலாம் என்று ஏஜென்ட் சொல்வதைக் கேட்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே படித்துவிட்டு வந்து இங்கே எழுத வேண்டிய தகுதித் தேர்வில், நான்கில் ஒருவர்கூடத் தேறாத தடவைகள் பல.

இடம் கிடைத்துவிட்டாலும் காலம் ஒன்று இருக்கிறது. எம்.பி.பி.எஸ். என்றால் ஹவுஸ் சர்ஜன் ஓராண்டையும் சேர்த்து ஐந்தரை வருடம். இன்று வெறும் எம்.பி.பி.எஸ்.ஸோடு நிற்க விரும்புகிறவர்கள் குறைவு. எம்.டி., எம்.எஸ்.ஸுக்கு இன்னும் மூன்று வருடம், அதற்கு முன்னால் இன்னொரு நுழைவுத் தேர்வு. இதய மருத்துவர், நரம்பியல் மருத்துவர் ஆக வேண்டுமென்றால் அதற்கும் மேல் மூன்று வருடம். எங்கும் தடங்கல் இல்லாமல் போனாலே முப்பது வயதாகிவிடும். மருத்துவம் சார்ந்த பி.எஸ்சி. படிப்புகளில் பெரும்பாலானவை மூன்று வருடப் படிப்பும் ஒரு வருடப் பயிற்சியும்தான். பிசியோதெரபிக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதல். இருபத்திரண்டு வயதில் சம்பளம் வீட்டுக்கு வந்தாக வேண்டிய குடும்பத்துக்கு இந்த எட்டு வருட வித்தியாசம் பெரிய விஷயம். அதை வாய்விட்டுச் சொல்லப் பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள். பெற்றோர்தான் பேச்சை எடுக்க வேண்டும்.

இனி வேலைக்கு வருவோம். நான் அதிகம் சொல்ல நினைப்பது இதைப் பற்றித்தான்.

உங்கள் ஊர் அரசு மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் அனுமதி கேட்டு அரை நாள் உட்கார்ந்து பாருங்கள். நோயாளி வந்ததும் டெக்னீஷியன் எடை பார்க்கிறார். போன முறை வீட்டுக்குப் போனபோது இருந்ததைவிட எவ்வளவு கூடியிருக்கிறது என்று பார்த்து, இன்று எவ்வளவு நீரை வெளியேற்ற வேண்டும் என்று கணக்குப் போடுகிறார். முன்கையில் டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்து வைத்த ஃபிஸ்டுலா இருக்கும் இடத்தில் விரல் வைத்து அதிர்வு ஓடுகிறதா என்று தொட்டுப் பார்க்கிறார். அதிர்வு இல்லையென்றால் அடைத்துவிட்டது என்று பொருள். டாக்டருக்கு உடனே சொல்லியாக வேண்டும். இரண்டு தடித்த ஊசிகளைக் குத்தி இயந்திரத்தோடு இணைத்த பிறகு நான்கு மணி நேரம் அவர் கண் அங்கேயேதான் இருக்கிறது. நடுவில் பிரஷர் இறங்கும், கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். காலைத் தூக்கி வைத்து, நீர் எடுக்கும் வேகத்தைக் குறைத்து, சலைன் விட்டு நோயாளியைச் சரியான நிலைக்குக் கொண்டுவருவது பெரும்பாலும் அந்த டெக்னீஷியன்தான். டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து போவார். அந்த நோயாளி வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை, வருடக்கணக்கில் பார்க்கும் முகம் டெக்னீஷியனுடையது. "தண்ணி அதிகமாக் குடிச்சீங்களாண்ணே?" என்று உரிமையோடு கேட்கும் இடத்துக்கு அவர் வந்துவிடுகிறார்.

இதய வால்வு அறுவை சிகிச்சையில் இதயத்தை நிறுத்தி வைத்திருக்கும் நேரத்தில் ரத்தத்தை ஓட்டுவது ஓர் இயந்திரம். அதன் முன் உட்கார்ந்திருப்பவர் பெர்ஃப்யூஷனிஸ்ட். ரத்தம் உறையாமல் இருக்கிறதா, ஆக்சிஜன் போதுமா, உடம்பின் வெப்பம் எவ்வளவு என்பதெல்லாம் அவர் பொறுப்பு. 1953இல் ஜான் கிப்பன் அமெரிக்காவில் இந்த இயந்திரத்தை வைத்து முதல் வெற்றி கண்டார். அதற்குப் பிறகு வளர்ந்த தொழில் இது. அந்த நேரத்தில் இயந்திரத்தில் ஒரு தவறு நடந்தால் அதைச் சரிசெய்ய வேண்டியவர் அவர்தான்.

மருத்துவம் சார்ந்த இந்தப் படிப்புகளில் தமிழ்நாட்டுக்கு நல்ல வரலாறே உண்டு. சென்னையில் பார்வைப் பரிசோதனை கற்றுத்தரும் எலைட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரி 1985லேயே தொடங்கிவிட்டது. டாக்டருக்கு உதவியாளராகும் பிசிஷியன் அசிஸ்டன்ட் என்ற படிப்பு இந்தியாவுக்கு 1992இல் சென்னை வழியாகத்தான் வந்தது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமத்துப் பெண்களை இரண்டு வருடம் பயிற்றுவித்துக் கண் பரிசோதனை முதல் அறுவை அரங்கு வரை நிறுத்தியதால்தான் அங்கே ஒரு டாக்டரால் அவ்வளவு அறுவை சிகிச்சைகள் செய்ய முடிகிறது. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பக்கவாதம் வந்து படுத்த பெரியவரின் வீட்டுக்கே போய் அவரை எழுந்து நடக்க வைக்கும் வேலை பிசியோதெரபிஸ்டுடையது.

இவ்வளவும் சொன்ன பிறகு, கசப்பான பக்கத்தை மறைப்பது நேர்மையாகாது. தனியார் மருத்துவமனைகளில் தொடக்கச் சம்பளம் பல இடங்களில் மிகக் குறைவு. அரசு வேலை மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக வரும்; ஆனால் பணியிடம் கொஞ்சம், ஒப்பந்த அடிப்படையும் தொகுப்பூதியமும் அதிகம். பதவி உயர்வு மெதுவாக நகரும். பத்து வருட அனுபவமுள்ள ரேடியோகிராஃபரை நேற்று சேர்ந்த டாக்டர் அதட்டுவதும் நடக்கிறது. இந்தத் தொழில்களில் பெரும்பாலானவற்றுக்கு அண்மைக்காலம் வரை தேசிய அளவில் ஒரு கவுன்சில்கூட இல்லை. ஐம்பதுக்கும் மேற்பட்ட தொழில்களை ஒரே சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது 2021இல்தான். சட்டம் வந்தால் போதாது, சம்பளமும் வர வேண்டும். இதை அரசிடம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இன்னொன்று. பி.எஸ்சி. முடித்துவிட்டு அங்கிருந்து எம்.பி.பி.எஸ்.ஸுக்குத் தாவலாம் என்று சில கல்லூரிகளின் ஆட்கள் ஆசை காட்டுகிறார்கள். அப்படி ஒரு குறுக்குவழி கிடையாது. டாக்டராக வேண்டுமென்றால் நீட் எழுதித்தான் ஆக வேண்டும். 'ஆறே மாதத்தில் டெக்னீஷியன்' என்ற போர்டைப் பார்த்தால் நகர்ந்துவிடுங்கள். சேரும் கல்லூரிக்குச் சொந்த மருத்துவமனை இருக்கிறதா, அங்கே உண்மையிலேயே நோயாளிகள் இருக்கிறார்களா, தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பு அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கே உண்டா என்று நேரில் போய்ப் பாருங்கள்.

யார் எதை எடுக்கலாம்? என்ன நோய் என்று கண்டுபிடிப்பதும், தெளிவில்லாத நிலையிலும் முடிவெடுத்து அதற்குப் பதில் சொல்வதும்தான் உங்களை இழுக்கிறது என்றால், பத்து வருடம் படிக்கும் பொறுமையும் வீட்டில் அதற்கு வழியும் இருந்தால், எம்.பி.பி.எஸ்.ஸுக்கு முயலுங்கள். அதற்கு மாற்று எதுவும் இல்லை. ஒரே திறமையில் ஆழமாகக் கைதேர்வது, நோயாளியோடு நெடுநேரம் இருப்பது, இயந்திரங்களோடு வேலை செய்வது பிடிக்கும் என்றால், நல்ல மதிப்பெண் இருந்தாலும் மற்ற படிப்புகளை முதல் விருப்பமாகவே போடுங்கள். ஊர்ப் பெருமைக்காக மட்டும் டாக்டராக நினைப்பவர்கள் அந்த இடத்தை இன்னொருவருக்கு விட்டுக்கொடுப்பது நல்லது.

மருத்துவம் சார்ந்த படிப்புகளுக்கு மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு தனியாக விண்ணப்பம் வாங்குகிறது. தமிழ்நாட்டில் நெடுங்காலமாகப் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே இடம் தந்துவந்தார்கள். விதிகள் மாறக்கூடும் என்பதால் சேரும் ஆண்டின் தகவல் கையேட்டை வரி விடாமல் படியுங்கள். எம்.பி.பி.எஸ். கவுன்சலிங் முடியட்டும் என்று காத்திருந்து இந்த விண்ணப்பத்தின் கடைசித் தேதியைக் கோட்டை விடுகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். இரண்டுக்கும் சேர்த்தே விண்ணப்பித்துவிடுங்கள்.