தூதனின் பெயர் தாங்கிய கப்பல்

மட்டக்களப்பு வாவி கடலோடு கலக்கும் முகத்துவாரத்திற்கு அண்மையில், பாலமீன்மடு என்னும் இடத்தில் 1913ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட வெளிச்சவீடு இன்றும் நிற்கின்றது. அங்கு நின்று கிழக்குத் திசையை நோக்குவோர்க்கு நீலக்கடலன்றி வேறெதுவும் தென்படுவதில்லை. ஆயினும், கரையிலிருந்து ஏறத்தாழ எட்டொன்பது கிலோமீற்றர் தொலைவில், 50 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தில், ஒரு பெரும் போர்க்கப்பல் சரிந்து கிடக்கின்றது. அதன் பெயர் ஹெர்மிஸ். விமானங்களைச் சுமப்பதற்கென்றே அமைக்கப்பட்ட அக்கப்பல், விமானம் ஒன்றேனும் தன்னிடம் இல்லாத வேளையில் விமானங்களாலேயே அழிக்கப்பட்டது.

ஹெர்மிஸ் என்பது கிரேக்கப் புராணத்தில் வரும் தேவதூதனின் பெயர். தேவர்களின் செய்தியை விரைந்து கொண்டுசெல்வது அவன் தொழில். அப்பெயரைப் பெற்ற கப்பல் 1919இல் இங்கிலாந்தில் நீரில் இறக்கப்பட்டு, 1924இல் பிரித்தானியக் கடற்படையிற் சேர்ந்தது. அதற்கு முன்னர் வேறு கப்பல்களின் மேற்றளத்தை மாற்றியமைத்தே விமானங்களை ஏற்றிவந்தனர். தொடக்கத்திலிருந்தே விமானந்தாங்கிக் கப்பலாகத் திட்டமிட்டு வரையப்பட்டது ஹெர்மிஸ்தான். ஆயினும் அதன் வேலை தாமதப்பட, யப்பானியர் தமது ஹோஷோ என்னும் கப்பலை 1922இலேயே முடித்துவிட்டனர். ஹெர்மிஸின் நீளம் ஏறத்தாழ 182 மீற்றர். சுமார் இருபது விமானங்களுக்கு மட்டுமே அதில் இடமிருந்தது.

இனி, 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தை நோக்குவோம். சிங்கப்பூர் வீழ்ந்துவிட்டது. பேள் துறைமுகத்தைத் தாக்கிய யப்பானிய அட்மிரல் நகுமோ, ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களுடன் இந்து சமுத்திரத்தினுட் புகுந்தார். ஏப்பிரல் 4ஆம் திகதி, தென்னிலங்கையின் கொக்கலை வாவியிலிருந்து ஒரு கட்டலினா நீர்விமானம் ரோந்து சென்றது. அதனைச் செலுத்தியவர் கனடிய விமானப்படையைச் சேர்ந்த லெனாட் பேர்ச்சோல் என்பவர். பகைவரின் கப்பற்கூட்டத்தை அவர் கண்டார். தம் விமானம் சுட்டு வீழ்த்தப்படுமுன் அச்செய்தியை வானொலியால் அனுப்பிவிட்டார். மறுநாட் காலை கொழும்பு தாக்கப்பட்டபோது, அங்கிருந்த கப்பல்களிற் பல வெளியேறியிருந்தன. ஒரு செய்தி உரிய காலத்திற் சேர்ந்ததால் விளைந்த நன்மை அது. எனினும், கொழும்பிலிருந்து புறப்பட்டிருந்த கோண்வோல், டோசெட்ஷயர் என்னும் இரு பெரும் போர்க்கப்பல்களை யப்பானியர் நடுக்கடலிற் கண்டு மூழ்கடித்தனர். அவற்றில் நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அவ்வேளை ஹெர்மிஸ் திருகோணமலையில் நின்றது. மடகஸ்கார்த் தீவின்மீது நடைபெறவிருந்த படையெடுப்புக்கு அது ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. அதற்குரிய ஸ்வோட்பிஷ் விமானங்கள் கரையில் இறக்கப்பட்டிருந்தன. துறைமுகத்தில் நங்கூரமிட்ட விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து விமானங்கள் எழுதல் அரிது. கப்பல் காற்றை எதிர்த்து விரைந்து ஓடினாற்றான் அவற்றின் சிறகுகளுக்குப் போதிய தாங்குவிசை கிடைக்கும். ஆகவே துறைமுகத்தில் தங்கும்போது விமானங்களைக் கரைக்கு அனுப்பிவைத்தல் வழக்கமாயிருந்தது.

ஏப்பிரல் 8ஆம் திகதி பிற்பகல், பகைக்கப்பல்கள் மீண்டும் காணப்பட்டன. மறுநாள் திருகோணமலை தாக்கப்படலாம் என உணர்ந்த அதிகாரிகள், துறைமுகத்திலிருந்த கப்பல்களை இரவோடிரவாக வெளியேறுமாறு பணித்தனர். ஹெர்மிஸ் தன் விமானங்களைக் கரையிலேயே விட்டுத் தெற்கு நோக்கிப் புறப்பட்டது. அவுஸ்திரேலியக் கடற்படையின் வம்பயர் என்னும் நாசகாரிக் கப்பல் அதற்குத் துணையாகச் சென்றது.

மறுநாட் காலை எதிர்பார்த்தவாறே திருகோணமலைத் துறைமுகமும் சீனன்குடா விமானத்தளமும் தாக்கப்பட்டன. அவற்றைக் காக்க எழுந்த சண்டை விமானங்களிற் பல வீழ்ந்தன. அதே வேளையில் மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில், ஹருனா என்னும் யப்பானியப் போர்க்கப்பலின் வேவு விமானம் ஹெர்மிஸைக் கண்டுவிட்டது. அவ்விமானம் அனுப்பிய செய்தியைப் பிரித்தானியரும் ஒட்டுக்கேட்டனர். கப்பல் பகைவர் கண்ணிற் பட்டுவிட்டது என்பது அவர்களுக்குத் தெரியும். உடனே திருகோணமலைக்குத் திரும்புமாறு ஹெர்மிஸுக்குக் கட்டளை சென்றது; சண்டை விமானங்களை அனுப்பவும் முயன்றனர். ஆனால் காலைத் தாக்குதலினால் செய்தித் தொடர்புகள் சீர்குலைந்திருந்தன. ஆபத்தை அறிந்தவர் ஓரிடத்திலும், உதவக்கூடியவர் வேறோரிடத்திலும் இருந்தனர். இருவரையும் இணைக்கும் தொடர்பு வேண்டிய வேளையிற் செயற்படவில்லை.

முற்பகல் பத்தரை மணியளவில் யப்பானிய விமானங்கள் வானில் தோன்றின. ஹெர்மிஸைத் தேடி அனுப்பப்பட்ட குண்டுவீச்சு விமானங்கள் 85. அவற்றுள் 32க்குக் குறையாதவை அவ்விரு கப்பல்களையும் தாக்கின. அவை ஐச்சி நிறுவனத்தார் செய்த, பாய்ந்து குண்டு வீசும் விமானங்கள். மட்டமாகப் பறந்து வீசும் குண்டு இலக்கை அடையுமுன் ஓடும் கப்பல் திசைமாறித் தப்பக்கூடும். பாய்ந்து வீசும் விமானமோ, இரைமீது பாயும் பருந்தைப்போல மேலிருந்து செங்குத்தாக இறங்கும். விமானம் எதனை நோக்கிப் பாய்கின்றதோ, அதனை நோக்கியே குண்டும் விழும். தாழ்ந்த உயரத்தில் அது விடுபடுவதால், கப்பல் திரும்புவதற்குச் சில விநாடிகளே எஞ்சும். ஹெர்மிஸில் விமான எதிர்ப்புப் பீரங்கிகள் சிலவே இருந்தன. அடுத்தடுத்துக் குண்டுகள் வீழ, ஏறத்தாழ இருபது நிமிடங்களில் கப்பல் மூழ்கியது. தலைவர் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் மாண்டனர். வம்பயரும் சிறிது நேரத்தில் மூழ்கியது. அதன் தலைவரும் மாலுமிகள் எழுவரும் உயிரிழந்தனர். உதவிக்கு வந்த சண்டை விமானங்களுள் ஆறு மட்டுமே தாக்குதல் நிகழ்கையில் வந்து சேர்ந்தன. அவற்றால் அதனைத் தடுக்க இயலவில்லை. மற்றுமோர் ஆறு விமானங்கள் வந்தடைந்தபோது ஹெர்மிஸ் கடலுக்கடியிற் சென்றுவிட்டது.

விமானங்கள் கப்பலில் இருந்திருந்தால் அது பிழைத்திருக்குமோ எனும் வினா நேயர்கள் உள்ளத்தில் எழக்கூடும். அவ்வாறு கூறுவதற்கில்லை. ஸ்வோட்பிஷ் என்பது துணி போர்த்த இரட்டைச் சிறகு விமானம். நீர்மூழ்கிக் குண்டைச் சுமந்து சென்று பகைக்கப்பலைத் தாக்கும் வகையைச் சேர்ந்தது. 1940இல் இத்தாலியின் தரந்தோ துறைமுகத்திலும், 1941இல் ஜெர்மனியின் பிஸ்மார்க் கப்பலுக்கெதிராகவும் அது பெரும்புகழ் பெற்றது உண்மையே. ஆனால் யப்பானியரின் விரைவான சீரோ விமானங்களை வானில் எதிர்க்க அதனால் முடிந்திராது. ஹெர்மிஸுக்குத் தேவையாயிருந்தவை உரிய நேரத்தில் வந்து சேரும் சண்டை விமானங்களே.

அழிவுக்கிடையே மனிதத்தன்மையும் வெளிப்பட்டது. அவ்வழியே சென்ற வீற்றா என்னும் வைத்தியசாலைக் கப்பலை யப்பானிய விமானிகள் தாக்கவில்லை. அக்கப்பல், நீரில் தத்தளித்த ஏறத்தாழ 600 பேரைத் தூக்கியெடுத்துக் கொழும்புக்குக் கொண்டுசென்றது. அன்றைய தினம் வடக்கே, எண்ணெய்க் கப்பலாகிய பிரிட்டிஷ் சேஜன்ற் உட்பட வேறு சில கப்பல்களும் மூழ்கடிக்கப்பட்டன.

வென்றவர் நிலைமையும் நெடுநாள் நீடிக்கவில்லை. இலங்கையைத் தாக்கிய ஐந்து யப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களுள் அக்காகி, சோரியு, ஹிரியு ஆகிய மூன்றும் இரண்டே மாதங்களில், 1942 யூன் மாதத்து மிட்வே போரில், அமெரிக்கரின் பாய்ந்து குண்டு வீசும் விமானங்களால் அழிந்தன. எஞ்சிய ஷோகாக்கு, சுயிகாக்கு இரண்டும் 1944இல் மூழ்கின.  போர் முடியுமுன் ஐந்தும் கடலடியைச் சேர்ந்துவிட்டன.

ஹெர்மிஸ் என்னும் பெயர் மட்டும் மறையவில்லை. 1959இல் பிரித்தானியக் கடற்படையிற் சேர்ந்த மற்றொரு விமானந்தாங்கிக் கப்பலுக்கு அப்பெயர் சூட்டப்பட்டது. அக்கப்பலே 1987இல் இந்தியக் கடற்படைக்கு வந்து, விராட் என்ற பெயருடன் 2017 வரை பணியாற்றியது.

முதல் ஹெர்மிஸோ மட்டக்களப்புக் கடலடியிலேயே தங்கிவிட்டது. அதன் இரும்பின்மீது பாசியும் பவளமும் படர்ந்துள்ளன. பாரிற் கூடுவதுபோல் மீன்கள் அங்கே கூடுகின்றன. ஆழ்கடலில் மூழ்கும் பயிற்சி பெற்றோர் அங்கு சென்று வருகின்றனர். அவ்விடம் காட்சிப்பொருள் மட்டுமன்று, 307 பேரின் நினைவிடமுமாகும். பேர்ச்சோலின் செய்தி உரிய வேளையிற் சேர்ந்ததனால் கொழும்பிற் பல கப்பல்கள் பிழைத்தன. ஐந்து நாள்களின் பின், தேவதூதன் பெயரைத் தாங்கிய கப்பலுக்காக அனுப்பப்பட்ட செய்தி உரிய வேளையிற் பயன்தரவில்லை.