கூட வர ஒருத்தி

கணவனால் கைவிடப்பட்ட பெண்ணுக்குத் தமிழக அரசு மாத உதவித்தொகை தருகிறது. வயது 30 ஆகியிருக்க வேண்டும். விவாகரத்தோ நீதிமன்றம் வழியான பிரிவோ இல்லையென்றால், அவன் விட்டுப் போய் 5 ஆண்டாவது ஆகியிருக்க வேண்டும். அதற்குள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஐந்தாம் வகுப்பை முடித்துவிடும். செத்தவனுக்கு இறப்புச் சான்றிதழ் கிடைக்கும். ஓடிப்போனவனுக்கு எந்தக் காகிதத்தைக் காட்டுவது? ரேஷன் கார்டில் அவன் பெயர் அப்படியே இருக்கும். வி.ஏ.ஓ. விசாரிக்க வரும்போது, "போன தீபாவளிக்கு வந்துட்டுப் போனானே" என்று பக்கத்து வீட்டார் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மனு கிடப்பில் போய்விடும்.

இந்தப் பெண்களுக்குச் சங்கம் வேண்டும் என்பது இதனால்தான். ஆறுதல் அப்புறம், முதலில் சாட்சி.

ராஜஸ்தானில் அப்படி ஒன்று இருக்கிறது. 1999-ல் ஜெய்ப்பூரில் நடந்த மாநாட்டைத் தொடர்ந்து உருவான 'ஏகல் நாரி சக்தி சங்கடன்'. உதய்பூரின் ஆஸ்தா அமைப்பும் அதைச் சேர்ந்த ஜின்னி ஸ்ரீவாஸ்தவாவும் துணை நின்றார்கள். விதவைகள், கைவிடப்பட்டவர்கள், பிரிந்து வந்தவர்கள், மணமாகாதவர்கள் எல்லோரும் அதில் உறுப்பினர்கள். ஒருத்தியின் நிலத்தைப் புகுந்த வீட்டார் வளைத்துக்கொண்டால், மற்றவர்கள் திரண்டு போய் நிற்கிறார்கள். விதவை வண்ணச் சேலை கட்டக் கூடாது என்ற ஊர்க் கட்டுப்பாட்டையும் சேர்ந்தே மீறினார்கள். ஒருத்தி தனியாக மீறியிருந்தால் அவளை என்ன பேசியிருப்பார்கள் என்று நமக்குத் தெரியும்.

நம்மிடம் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989-ல் தர்மபுரியில் தொடங்கி ஊர் ஊராகப் பரவியிருக்கின்றன. ஆனால் அங்கே பேச்சு சேமிப்பும் தவணையும்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கூலி வேலையை விட்டவள் தவணை தப்பினால், குழுவே அவளைக் கடிந்துகொள்ளும்.

மணமாகாத தாய்க்கும் இதே துணை வேண்டும். அவள் தந்தையின் பெயரைச் சொல்லாமலே தன் பிள்ளைக்குப் பாதுகாவலர் ஆகலாம், பிறப்புச் சான்றிதழும் பெறலாம் என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனாலும் அலுவலக ஜன்னலில் "அப்பா பேர் என்னம்மா?" என்ற கேள்வி, பிள்ளை கேட்கக் கேட்க, சத்தமாக வரும். "அது தேவையில்லை சார், தீர்ப்பு இருக்கு" என்று நகலை நீட்ட, அதே வரிசையில் முன்பு நின்று ஜெயித்த ஒருத்தி பக்கத்தில் இருக்க வேண்டும்.

கைம்பெண்கள், ஆதரவற்ற மகளிருக்கான நலவாரியத்தை 2022-ல் அரசு அறிவித்தது. அடுத்த வேலை, ஊராட்சிதோறும் இவர்களுக்கென ஒரு குழு. வி.ஏ.ஓ. விசாரணையில் அந்தக் குழுவின் கையெழுத்தே சாட்சி என ஓர் அரசாணையும் வேண்டும்.