சம்பந்தமில்லாத மெயில் வந்தால் என்ன செய்வது?

போன எபிசோட்ல மெயிலிங் லிஸ்ட் எப்படி வேலை செய்யுதுன்னு பார்த்தோம். அதுல ஒருத்தர் சம்பந்தமே இல்லாத விஷயத்தை எழுதினா என்ன செய்யணும்? இன்னைக்கு அதைப் பார்ப்போம்.

காலேஜ் படிக்கும்போது ஒரு லினக்ஸ் லிஸ்ட்ல இருந்தேன். சுமார் 400 பேர். புதுசா சேர்ந்த ஒருத்தர், பழைய லேப்டாப்பை எங்க விக்கலாம்னு கேட்டார். "இது அதுக்கான இடம் இல்ல"ன்னு லிஸ்ட்லயே பதில் போட்டேன். என்னைத் தொடர்ந்து இன்னும் எட்டு பேர். அவர் எதுவும் சொல்லாம விலகிட்டார்.

கணக்கு போட்டுப் பாருங்க. அவரோட ஒரு மெயில் 400 இன்பாக்ஸுக்குப் போச்சு. எங்களோட ஒன்பது பதில்கள் 3,600. அப்போ லிஸ்ட்டைத் திசை திருப்பினது யாரு?

அதனால முதல் விஷயம்: சொல்ல வேண்டியதைத் தனி மெயில்ல சொல்லுங்க. பல லிஸ்ட்கள்ல ரிப்ளை அழுத்தினாலே எல்லாருக்கும் போற மாதிரி செட் பண்ணியிருப்பாங்க. அனுப்பும் முன் முகவரியை ஒரு தடவை பாருங்க.

இரண்டாவது, பேச்சு வேற பக்கம் போனா புது மெயில் ஆரம்பிங்க. சப்ஜெக்ட்டை மட்டும் மாத்தினா போதாது. ஒவ்வொரு மெயிலுக்கும் ஒரு மெசேஜ் ஐடி உண்டு. நீங்க ரிப்ளை பண்ணும்போது பழைய மெயிலோட ஐடி உங்க மெயிலின் ஹெட்டர்ல ஒட்டிக்கும். சப்ஜெக்ட் புதுசா இருந்தாலும், பல மெயில் செயலிகள் அதைப் பழைய உரையாடலுக்குள்ளேயே காட்டும்.

மூன்றாவது, நிர்வாகிகளுக்கு. மெயில்மேன் மாதிரி மென்பொருள்ல ஒரு குறிப்பிட்ட உறுப்பினரின் மெயிலை மட்டும் நிறுத்திவைத்து, படித்துப் பார்த்து அனுப்ப முடியும். ஆனா அதை எப்போ பயன்படுத்துறது? இணையத் தரநிலைகளை உருவாக்கும் ஐஇடிஎஃப் அமைப்பு, தன்னோட பொது விவாத லிஸ்ட்டுக்கு 2000-லேயே ஒரு விதிமுறை எழுதியது. அதுதான் ஆர்எஃப்சி 3005; 2022 வரை அது நடைமுறையில இருந்தது. வரம்பு மீறுறவங்களைத் தடுக்கும் அதிகாரம் அதுல இருந்தது. கூடவே, அந்த ஒரு மெயிலை மட்டும் பார்க்காதீங்க, அவர் வழக்கமாவே இப்படித்தானா, இல்ல இது ஒரு தடவை நடந்ததான்னு பாருங்கன்னும் சொல்லியிருந்தது.

எங்க லிஸ்ட்டுக்கு வந்தவர் எழுதினது ஒரே ஒரு மெயில். "லிஸ்ட்ல வேண்டாம், ஆனா இந்தக் கடையில கேட்டுப் பாருங்க"ன்னு நான் தனியா ரெண்டு வரி எழுதியிருக்கலாம். அடுத்த வாரமே அவர் நல்ல லினக்ஸ் கேள்வி ஒண்ணு கேட்டிருப்பாரோ என்னவோ.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.