வாய் ஒன்று, கணக்கு பல

நான் ருசித்துச் சாப்பிட்ட முதல் அரசாங்கப் பொருள் பல்பொடி. எழுத்துப் பிழை இல்லை, சாப்பிட்டதுதான். எம்.ஜி.ஆர். ஆட்சியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பல்பொடி கொடுத்தார்கள். எங்களுக்கு வந்தது ரோஸ் நிறம், லேசான தித்திப்பு. உள்ளங்கையில் கொட்டி, விரலை எச்சில் தொட்டு நக்கிக்கொண்டே நடந்தால் வீடு வருவதற்குள் பாக்கெட்டில் பாதி இருக்காது. மிச்சத்தில் அண்ணன் பல் தேய்ப்பான்.

அதை விநியோகித்தவர் என் அம்மா. 1982 ஜூலை 1-ல் சத்துணவுத் திட்டம் தொடங்கிய சூட்டோடு எங்கள் ஊர்ப் பள்ளிக்கு அமைப்பாளராகச் சேர்ந்தார். ராத்திரி பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு அரிக்கேன் விளக்கடியில் பதிவேடு எழுதுவார். அரிசி, பருப்பு, எண்ணெய், விறகு: வந்தது, செலவு, இருப்பு. பல்பொடிக்கு ஒரு தனிப் பக்கம். "வாய்க்குள்ள போறதெல்லாம் என் நோட்டுல இருக்கணும்டி" என்பார். பின்னாளில் முட்டை வந்தபோது அதற்கும் ஒரு பக்கம் சேர்ந்தது. முட்டை ஓட்டில் முத்திரை குத்தி வரும். கடைக்குப் போய்விடாமல் இருக்க அந்த ஏற்பாடு.

நான் இப்போது தர்மபுரி மாவட்டத்தில் ஒரு வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தில் பல் மருத்துவர். அம்மா நோட்டில் எழுதி வைத்தது உள்ளே போய் என்ன ஆனது என்று எட்டிப் பார்ப்பது என் வேலை.

சில வாரங்களுக்கு முன் ஒரு பாட்டி, இரண்டாம் வகுப்புப் பேரனைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார். பள்ளிக்கு வரும் சிறார் நல மருத்துவக் குழு எழுதிக் கொடுத்த சீட்டு கையில் இருந்தது. அந்தக் குழுவில் பல் மருத்துவர் கிடையாது. வாயைத் திறக்கச் சொல்லி, கருப்பாகத் தெரிந்தால் எங்களுக்கு அனுப்பி வைப்பார்கள். டார்ச் அடித்துப் பார்த்தேன். கீழ்த்தாடையில் கடைசிப் பல்லின் நடுவே மிளகு போட்டு வைத்ததுபோல ஒரு பள்ளம்.

"பால்பல்லுதானுங்க டாக்டரம்மா, புடுங்கிப் போட்டுருங்க. அப்புறம் மொளைச்சிக்கும்."

"இது பால்பல் இல்லைங்கம்மா. இது போனா வேற வராது."

"ஏழு வயசுப் பையனுக்கு அதுக்குள்ள கெழட்டுப் பல்லா?"

பாட்டி கேட்டதில் தப்பில்லை. என்னிடம் வரும் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு இந்தச் சங்கதி தெரியாது. ஆறு வயது வாக்கில், எந்தப் பாற்பல்லும் விழாமலேயே, அதற்கெல்லாம் பின்னால் ஒரு கடைவாய்ப் பல் சத்தமில்லாமல் முளைக்கிறது. பல் விழுந்தால்தானே கூரையில் எறிய வேண்டும், கொண்டாட வேண்டும்? எதுவும் விழாததால் யாரும் கவனிப்பதில்லை. அதுதான் ஆயுசுக்கும் மென்று தள்ளப்போகும் முதல் நிலையான பல். முளைத்து இரண்டே வருடத்தில் சொத்தையாகி, பாற்பல் என்ற பெயரில் பிடுங்கப்பட்டு, எத்தனை பிள்ளைகள் பத்து வயதில் ஒரு பக்கமாக மென்றுகொண்டிருக்கிறார்கள்!

அன்று கம்ப்ரஸர் ஓடவில்லை. பல் மருத்துவருக்கு உயிர்மூச்சே கம்ப்ரஸரின் காற்றுதான். அது நின்றால் இயந்திரம் சுழலாது, நாற்காலி வெறும் சாய்வு நாற்காலி ஆகிவிடும். அதைப் பழுதுபார்க்க யார் பணம் தருவது என்று தெரியாமல் நான்கு மாதம் கோப்பு மேஜை மேஜையாக ஏறி இறங்கியது. திட்ட நிதியில் வாங்கிய பொருள், ஆகவே இந்தக் கணக்குத் தலைப்பில் வராது என்று ஒருவர். பராமரிப்பு என்றால் அந்தத் தலைப்பு என்று இன்னொருவர். அந்தத் தலைப்பில் பணமில்லை என்று மூன்றாமவர். யாரும் கெட்டவர்கள் இல்லை, எல்லோரும் விதியைத்தான் சொன்னார்கள்.

ஆனாலும் பையனின் பல்லைக் காப்பாற்றிவிட்டேன். சின்னக் கரண்டி போல ஒரு கருவி இருக்கிறது. அதைக்கொண்டு மெத்தென்று ஆகிவிட்ட சொத்தையைச் சுரண்டி எடுத்தேன். கண்ணாடி அயனோமர் என்று ஒரு பொடியும் திரவமும் உண்டு. காகித அட்டையில் வைத்துக் குழைத்து, இறுகுவதற்குள் பள்ளத்தில் அப்பி, வாஸ்லின் தடவிய விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஊசி இல்லை, மின்சாரம் இல்லை, 'கொய்ங்' சத்தமும் இல்லை. பையன் அழவில்லை. "சிமெண்ட் பூசிட்டீங்களா டாக்டர்?" என்று கேட்டான். ஆமாம் கண்ணு, சிமெண்ட்தான். பள்ளிக்கூடத் தாழ்வாரத்திலேயே பெஞ்ச் போட்டு முடிக்கக்கூடிய வேலை இது. அதற்கு ஒரு தலைப்பு மட்டும்தான் இல்லை.

இந்தத் 'தலைப்பு' சண்டை புதிதல்ல, நூறு வயதானது. 1920-ல் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்கிலிருந்த தன் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானித்தது. அப்போது மாநகராட்சித் தலைவர் பிட்டி தியாகராயர். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு. பசியோடு இருக்கும் பிள்ளை பள்ளிக்கு வராது என்பதை ஓர் உள்ளாட்சி மன்றம் கண்டுகொண்டு, தன் பணத்தை எடுத்து வைத்தது. திட்டம் இன்னும் சில பள்ளிகளுக்கும் பரவியது. ஆனால் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவு செய்யக் கூடாது என்று ஆங்கிலேய அரசு மறுத்துவிட, 1925-ல் நின்றது. பணம் இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள், பசியும் இருந்தது. சோறு, கல்வி என்ற தலைப்பின் கீழ் வராது என்பதுதான் பிரச்சினை. என் கம்ப்ரஸர் கோப்பைப் புரட்டும்போதெல்லாம் அந்த ஓர் அணாதான் ஞாபகத்துக்கு வரும்.

அதே 1920-ல் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார் டாக்டர் ஆர். அகமது. அரசு நிதி கிடையாது. 'நியூயார்க் சோடா ஃபவுண்டன்' என்று ஐஸ்கிரீம் கடை ஒன்றை நடத்தி, அந்த வருமானத்தில் கல்லூரியை ஓட்டினார். தித்திப்பு விற்ற காசில் பல் வைத்தியம்! ஊரார் பல்லைக் கெடுத்தும் பார்த்தார், கட்டியும் பார்த்தார் என்று எங்கள் தொழிலில் கேலியாகச் சொல்வோம். அவர் பிறந்த டிசம்பர் 24-ஐத்தான் பல் மருத்துவர் தினமாகக் கொண்டாடுகிறோம். ஆக, சோறு ஒரு மாநகராட்சியின் தீர்மானத்தில் தொடங்கியது, பல் ஒருவரின் கடைக் கல்லாவில் தொடங்கியது. என்னைக் கேட்டால் இன்றுவரை அந்த வித்தியாசம் அப்படியேதான் இருக்கிறது.

சோறு பிழைத்துக்கொண்டது. காமராஜர் காலத்து மதிய உணவுத் திட்டம் முதலில் ஊர்ப் பணத்தில்தான் நடந்தது. எட்டயபுரத்தில் தொடங்கியபோது ஊரார் கொடுத்த நன்கொடைதான் முதல். பிறகு அரசு கைகொடுத்தது. எம்.ஜி.ஆர். அதைப் பெரிதாக்கினார். 1989-ல் கருணாநிதி முட்டை சேர்த்தார், 2010-ல் அது வாரம் ஐந்தானது. ஜெயலலிதா ஆட்சியில் கலவை சாதம் வந்தது. 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் மாநகராட்சித் தொடக்கப் பள்ளி ஒன்றிலிருந்து காலை உணவு தொடங்கியது. எந்தக் கட்சி வந்தாலும் சோற்றில் கை வைக்க முடியாது என்ற நிலை வந்துவிட்டது. இந்த நாட்டில் அப்படி ஒரு நிலைக்கு வந்த திட்டங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பணம் எங்கிருந்து வருகிறது? மதிய உணவில் தொடக்கப் பள்ளிப் பிள்ளை ஒருவருக்கு நாளொன்றுக்கு 100 கிராம் அரிசி. பருப்பு, காய்கறி, எண்ணெய், எரிபொருளுக்கு என்று 2025 மே மாதக் கணக்கில் 6 ரூபாய் 78 காசு. இதில் மத்திய அரசு 60 பங்கு, மாநில அரசு 40 பங்கு. முட்டை மாநிலத்தின் சொந்தக் காசு. காலை உணவும் மாநிலக் காசுதான். கிராமத்தில் சமைப்பது மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். காலையில் பிள்ளை ஒருவருக்கு 50 கிராம் அரிசியோ ரவையோ சேமியாவோ, 15 கிராம் பருப்பு. முதலில் வந்த பட்டியலில் வெள்ளிக்கிழமை கேசரியும் இருந்தது. "என்னங்க, பல் டாக்டரா இருந்துக்கிட்டு ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?" என்று ஒரு ஆசிரியை வம்புக்கு இழுத்தார். வாரத்துக்கு ஒரு தடவை, சாப்பாட்டோடு சாப்பாடாகத் தின்னும் கேசரி பல்லை ஒன்றும் செய்யாது. பள்ளி வாசல் கடையில் ஐந்து ரூபாய்க்கு வாங்கி, முதல் மணியிலிருந்து கடைசி மணி வரை கன்னத்தில் ஒதுக்கி வைக்கிறார்களே மிட்டாய், அதுதான் எமன். எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் பல்லுக்குக் கணக்கு.

பல்லுக்கென்று வரவு எங்கே என்றால், நம் சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலக வரி என்று ரூபாய்க்குப் பத்துக் காசு சேர்த்து வாங்குகிறார்கள். நல்ல வரி, மனமாரக் கட்டுகிறேன். ஊர் தோறும் நூலகம் நிற்பதற்கு அந்தத் தனித் தலைப்பு ஒரு காரணம். அப்படிப் பல்லுக்கு எதுவும் கிடையாது. 15-வது நிதிக் குழு, 2021 முதல் 2026 வரையிலான ஐந்து ஆண்டுகளுக்கு, நாடு முழுவதும் உள்ளாட்சிகள் வழியாக ஆரம்ப சுகாதாரத்துக்கென்றே 70,051 கோடி ரூபாய் ஒதுக்கியது. அந்தப் பட்டியலில் கட்டடம் உண்டு, பரிசோதனைக்கூடம் உண்டு. கட்டடத்துக்குக் கல்வெட்டு வைத்து ரிப்பன் வெட்டலாம். அடைத்த சொத்தைப் பல்லுக்கு எங்கே கல்வெட்டு வைப்பது?

எங்கள் மாவட்டத்தில் இந்தக் கணக்குகள் எல்லாம் ஓர் இடத்தில் வந்து முட்டுகின்றன. சத்துணவுக் கூடத்து அண்டாவில்.

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாறையில் ஃபுளோரைடு அதிகம். போர் போட்டால் அது தண்ணீரோடு வரும். கண்ணுக்குத் தெரியாது, வாசனை கிடையாது, ருசியிலும் தெரியாது. நிலையான பற்கள் தாடைக்குள் உருவாகும் காலத்தில், அதாவது எட்டு வயது வரை, இந்தத் தண்ணீரைக் குடித்தால் பல்லின் மேற்பூச்சு கெட்டு, முளைக்கும்போதே திட்டுத் திட்டாகக் காவி நிறத்தில் முளைக்கும். எந்தப் பல்பொடிக்கும் அது போகாது. பள்ளி ஆண்டு விழாப் படங்களைப் பார்த்தால் எங்கள் ஊர்ப் பெண் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது தெரியும். வெட்கம் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

வேடிக்கை என்னவென்றால், நான் அந்தப் பையனுக்கு அப்பிய சிமெண்டிலும் ஃபுளோரைடு இருக்கிறது. வெளியிலிருந்து துளித் துளியாகப் பட்டால் பல்லுக்கு உரம், தண்ணீரில் அளவு மீறி உள்ளே போனால் கேடு.

இதற்காகத்தான் 1,928 கோடி ரூபாய்த் திட்டமாக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது. ஜப்பான் கடனுதவியோடு கட்டி, 2013 மே மாதம் திறந்தார்கள். நாட்டிலேயே பெரிய பல் மருத்துவம் இதுதான் என்பேன்; ஒரு பல் மருத்துவர்கூட அதில் வேலை செய்யவில்லை. ஒரே வீட்டில் அக்காவுக்குக் காவிப் பல், காவிரித் தண்ணீர் வந்த பிறகு பிறந்த தம்பிக்கு வெள்ளைப் பல் என்று பார்த்திருக்கிறேன். அந்த அக்கா தம்பியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தலையைக் குனிந்து சீட்டு எழுதினேன்.

ஆனால் குழாயில் காவிரி வராத நாளும் உண்டு. அன்று மோட்டாரைப் போட்டு போர் தண்ணீரைத் தொட்டியில் ஏற்றுகிறார்கள். குடிக்கத்தான் காவிரித் தண்ணீர், சமைக்க எதுவானாலும் சரி என்று நினைக்கும் ஊர்களும் உண்டு. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு சாகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அது கெட்டியாகத்தான் ஆகும். 100 கிராம் அரிசி தன்னைவிட அதிகமாகத் தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் சோறாகிறது. அரிசி ஒரு துறையின் கணக்கு, முட்டை இன்னொரு கணக்கு, பிள்ளையின் பல் என் கணக்கு. அண்டாவில் ஊற்றும் தண்ணீர் ஊராட்சியின் கணக்கு. அம்மாவின் நோட்டில் இல்லாமல் போனது அது ஒன்றுதான். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அதற்குப் பக்கம் போட்டு யாரும் கொடுக்கவில்லை.

அதே 15-வது நிதிக் குழு கிராம ஊராட்சிக்குக் கொடுத்த மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீர், துப்புரவுக்குத்தான் செலவழிக்க வேண்டும் என்று கட்டி வைத்திருந்தது. அதனால் தண்ணீருக்குப் பணமில்லை என்று யாராவது சொன்னால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேளுங்கள். கிராம சபை இப்போது வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது. மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம், அதில் ஒன்று. போகிறவர்கள் இரண்டே கேள்வி கேட்டால் போதும். நம் பள்ளிச் சமையலுக்கு எந்தத் தண்ணீர்? அதில் ஃபுளோரைடு எவ்வளவு? ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருந்தால் நிம்மதி. 1.5-ஐத் தாண்டிவிட்டால் அண்டாவுக்கு வேறு தண்ணீர் கேட்டுத் தீர்மானம் போடச் சொல்லுங்கள். பரிசோதனை அறிக்கையை வாயால் சொன்னால் விடாதீர்கள், காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். கூடவே ஆறு வயதுப் பிள்ளை வீட்டில் இருந்தால், இன்று ராத்திரி டார்ச்சை எடுத்து அதன் கடைசிப் பல்லையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.